கரையான்சாவடி மேசையில் கேரம் சட்டம்

ஆசியாவில் பூல் ஆட்டத்தில் யார் பெரிய ஆள் என்று என் அண்ணனிடம் யாரும் கேட்க வேண்டாம். கேட்காமலே சொல்வான். வளைகுடாவில் சில வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். தொழிலாளர் கேம்பில் அவனோடு ஒரே அறையில் படுத்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். வேலை முடிந்ததும் அவர்கள் பூல் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அது தெளியவில்லை.

“இன்னா கை தெரியுமா அவனுங்களுக்கு! பனியனோட, வெறுங்காலோட நிப்பானுங்கோ. ஒருவாட்டி குனிஞ்சான்னா மேசைய வழிச்சிட்டுதான் நிமிருவான்” என்பான்.

ஒவ்வொரு நாட்டுக்கும் அவனிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. பிலிப்பைன்ஸ்காரன் பிறவி ஆட்டக்காரன், தெருவுக்குத் தெரு மேசை போட்டு மழை ஒழுகும் கூரைக்குக் கீழேயும் ஆடுவான். தைவான்காரனுக்குப் பிறவியில் ஒன்றும் கிடையாது, ஆனால் ஒரே அடியைப் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை அடித்துப் பழகுவான். ஜப்பான்காரன் தப்பாக அடித்தாலும் முகம் மாறாது. கொரியாக்காரன் பாவம், அவன் ஊர் மேசையில் பாக்கெட்டே கிடையாது, பந்தைப் பந்தோடு இடிக்க வைப்பதுதான் ஆட்டம். சரி, நாம்? அங்கேதான் அண்ணன் பெருமூச்சு விடுவான்.

“கிளப்புல பெரிய மனுசனுங்கோ ஸ்னூக்கர் ஆடி ஜெயிக்கிறானுங்கோ. நம்மள மாரி ஆளுக்கு யாரு கதவ தொறக்கறது? நமக்கு கேரம்தான். வித்தையெல்லாம் வெரல்லியே நின்னுபூச்சு, குச்சில எறங்கல.”

அந்தக் குறையைத் தீர்த்துவைக்கத்தான் தொண்ணூறுகளின் பின்பாதியில் கரையான்சாவடி மெயின் ரோட்டில், பெயிண்ட் கடை மாடியில், ஒரு பூல் பார்லர் திறந்தான். மவுண்ட் ரோடு பக்கம் ஏதோ கிளப்பில் கழித்துப்போட்ட மேசை. உள்ளே கல் பலகை. அதை மாடிப்படியில் ஏற்ற வந்த லோடுமேன்கள் அண்ணனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பச்சைத் துணியில் ஒரு மூலையில் ஒட்டுப் போட்டிருந்தது. மேலே டியூப்லைட், பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். கல்லாவில் நான். பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் பசங்கள் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள் என்பது அண்ணனின் கணக்கு. பேசத்தான் செய்தார்கள். நானும் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு ஓரளவு அடங்கினார்கள்.

திறந்த வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. அண்ணன் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரம். நாலு பேர் வந்தார்கள், மேசையைச் சுற்றிப் பார்த்தார்கள், ஒருவன் பையிலிருந்து போரிக் பவுடர் டப்பாவை எடுத்து பச்சைத் துணி முழுக்கத் தூவிவிட்டான். கேரம் போர்டு என்றால் பவுடர் போடாமல் தொடமாட்டார்கள் அல்லவா, அந்தப் பழக்கம். எனக்கும் அது தப்பாகப் படவில்லை, இன்னும் கொஞ்சம் இந்த மூலையில் போடப்பா என்றுகூடச் சொன்னேன். அண்ணன் மேலே வந்து பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் கீழே பெயிண்ட் கடைக்காரர் ஓடிவந்தார். துணியைத் தட்டித் தட்டி எனக்குத் தும்மல் நிற்க ஒரு நாள் ஆனது.

பவுடரை அண்ணன் நிறுத்திவிட்டான். ஆனால் பவுடரோடு வந்த சட்டத்தை அவனால் நிறுத்த முடியவில்லை. பூலில் ஒருவனுக்கு முழு வண்ணப் பந்துகள், இன்னொருவனுக்குப் பட்டை போட்ட பந்துகள், நடுவில் பொதுவாக ஒரு கருப்பு. எங்கள் பசங்கள் வந்த நாளே முடிவு கட்டிவிட்டார்கள்: வெள்ளைப் பந்துதான் ஸ்ட்ரைக்கர், கருப்புதான் ரெட். ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் போட்ட காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைக்கவேண்டும். ரெட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்டவேண்டும். காட்டாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். ரெட்டைக் கடைசிக்கு விட்டுவைக்கிறவனை பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள்.

அண்ணன் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை வாயைத் திறந்தான். “அது அப்டி இல்லப்பா” என்பதற்குள் “உன் ஊட்டு சட்டத்த நீ வச்சிக்க நைனா” என்று அடக்கிவிட்டார்கள். வருகிறவர்கள் சந்தோஷமாக ஆடினால் சரி என்று அவனும் விட்டுவிட்டான். எனக்கு அதுதான் பூல். இந்த உலகத்தில் வேறு விதமாக அதை ஆடுவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பாடியில் ஒரு பழைய ஃபேக்டரியில் கிரைண்டிங் மெஷினில் இருந்தார். கேரமில் அந்த ஃபேக்டரிக்கே அவர்தான் முதல் ஆள். ஒருநாள் போனபோது கேட்டில் பூட்டு தொங்கியது, அதன் பிறகு திறக்கவே இல்லை. நூம்பலில் எங்கள் அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில் இறங்கிக் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அதிலிருந்து ஃபேக்டரி யூனிஃபார்முக்கு வந்தது சின்ன விஷயமில்லை. அந்த யூனிஃபார்ம் கொடியில் துவைத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து புளியங்கொட்டையை விரலால் சுண்டி எதிர்ச் சுவரில் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருப்பார். டொக், டொக். காலையிலிருந்து. எனக்குத் தலையில் அடிக்கிற மாதிரி இருக்கும். “யோவ், நிறுத்துயா” என்று கத்துவேன். நிறுத்துவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

பார்லருக்கு வந்த பிறகு அவர் குச்சியைப் பிடித்தார். மூன்றே மாதத்தில் எங்கள் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. ரெட் எங்கே இருந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பார், ஃபாலோ தவறியதை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். “பொறக்க வேண்டிய எடம் மாறிப் பொறந்துட்ட மாப்ள. மணிலாவுல பொறந்திருந்தா உன் ரேஞ்சே வேற” என்பான். மணிலாவில் பிறந்திருந்தால் இவருக்கு யார் பெண் கொடுத்திருப்பார்கள் என்று நான் கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் கொரியாக்காரர்கள் வந்து ஃபேக்டரி போட ஆரம்பித்தார்கள். அதில் கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் மேலாளர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடிக்கு வர ஆரம்பித்தார். ஒல்லியான மனுஷர், சட்டையை எப்போதும் உள்ளே விட்டிருப்பார். கூடவே அவருடைய டிரைவர், பூந்தமல்லிக்காரர், பேச்சை மாற்றிச் சொல்வதற்கு. மேலாளர் அண்ணனோடு மட்டும்தான் ஆடுவார். முதல் நாள் அவர் பந்தை எந்தப் பாக்கெட்டிலும் போடவில்லை. வெள்ளைப் பந்தை மூன்று பக்க விளிம்பிலும் மோதவைத்து, சுற்றிவந்து தூரத்தில் இருந்த ஒரு பந்தை மெல்லத் தொடவைத்துவிட்டு, ஆகா என்று தானே ரசித்தார். பசங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “சொன்னேன்ல, ஓட்டையில்லாத மேச” என்று அண்ணன் கிசுகிசுத்தான். போகப்போக அவர் பாக்கெட்டில் போடவும் பழகிவிட்டார். அவர்கள் இருவரும் ஆடும்போது கருப்பு எப்போதும் கடைசியில்தான் விழும். வெள்ளை விழுந்தாலும் யாரும் காயை எடுத்து வெளியே வைப்பதில்லை. விருந்தாளிக்கு அண்ணன் சலுகை காட்டுகிறான் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே வரமாட்டார். அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தார், மெஷினை ஓட்டிக் காட்டியும் இருந்தார். மேலாளரே பக்கத்தில் நின்று பார்த்தாராம். “அந்தாளு முன்னால பல்ல காட்டிகினு நிக்கச் சொல்றியா? வேல குடுத்தா குடுக்கட்டும்” என்பார். ரோஷம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிரைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “எடம் ஒண்ணு. ஆளு ரெண்டு. உங்க ஊட்டுக்காரரு, இன்னொருத்தரு அம்பத்தூர்காரரு. சாரு நாளைக்குள்ள முடிவு பண்ணிடுவாரு” என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “உங்க அண்ணாத்தே சாராண்ட பெருமையா சொல்லிட்டாரு, என் மச்சான்தான் இந்த ஏரியாவுல நம்பர் ஒன்னுன்னு. நாளைக்கு அவரோட ஆடணும்னு சொல்லிட்டாரு சாரு” என்றார்.

நான் பயந்துபோய் அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அண்ணன் அன்று மாலையே ஓடிவந்தான். அவனுக்கும் பயம்தான், ஆனால் அவன் பயத்துக்கும் ஒரு ஆசியக் கணக்கு வைத்திருந்தான். “மாப்ள, கேளு. கேம்புல பாத்திருக்கேன். பிலிப்பைன்ஸ்காரன் தோத்தா சிரிப்பான், மறுபடி வருவான். கொரியாக்காரன் அப்டி இல்ல, தோல்வி அவனுக்குத் தாங்காது. அவன் ஜெயிச்சிட்டு சந்தோசமா கீய எறங்கிப் போவட்டும். தோத்துட்டு வா.”

“இன்னாது?” என்றார் என் வீட்டுக்காரர். புளியங்கொட்டை டொக்கென்று சுவரில் பட்டது.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலையில் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன், அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து குழந்தையை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“இது தலைல கைய வச்சி சொல்லு. தோத்துட்டு வர்றேன்னு சொல்லு.”

“பைத்தியமாமே உனக்கு?”

“ஆமா, பைத்தியந்தான். இந்த வூட்ல குந்திகினு கொட்ட சுண்டறத பாத்துப் பாத்து புடிச்ச பைத்தியம். வை கைய.”

அவர் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அது ஒன்றும் புரியாமல் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் வைத்தார். “தோக்கறேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அப்போது நெஞ்சில் பாரம் இறங்கியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் மாடியில் நிற்க இடமில்லை. விஷயம் எப்படியோ ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மேலாளர் வந்தார், என் வீட்டுக்காரரை அடையாளம் கண்டு தலையசைத்தார். அண்ணன் பந்துகளை முக்கோணத்தில் அடுக்கினான். ஒன்றை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோற்கப்போகிறவனுக்கு எதற்கு உலகச் சட்டம் என்று நினைத்தேன் என்று பிறகு எங்களிடம் சொன்னான்.

ஆட்டம் தொடங்கியது. என் வீட்டுக்காரருக்குப் பட்டை. முதல் சில அடி அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒவ்வொரு பந்தும் பாக்கெட் வாய்வரை போய் நின்றது. பசங்கள் உச்சுக் கொட்டினார்கள். கல்லாவில் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் நிதானமாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஒருமுறை அவர் ஒரு மூலைக்குக் குறிவைத்த பந்து எங்கோ மோதி, எதையோ தட்டி, வேறு மூலையில் போய் விழுந்தது. எங்கள் மாடியில் அந்த மாதிரி விழுந்தால் விசில் பறக்கும், அடித்தவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். மேலாளர் கையை உயர்த்தி, என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அது என் கணக்கில் வந்ததல்ல, மன்னித்துவிடு என்கிற மாதிரி.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கேரம் போர்டின் முன்னால் ஃபைனலில் உட்காரும்போது வருகிற முகம் அது. சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அடுத்த முறை வந்தபோது போட்டார். அடுத்தது போட்டார். அதற்கடுத்து இன்னும் மூன்று. மேசையைச் சுற்றி நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது. நான் அவர் கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன், இருமினேன், தண்ணீர்ச் சொம்பை டங்கென்று வைத்தேன். அந்த ஆள் திரும்பவே இல்லை. அவருக்கு இரண்டு பட்டைதான் பாக்கி. கருப்பு ஒரு மூலைப் பாக்கெட்டின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டையில் ஒன்று நடுப் பாக்கெட்டுக்கு நேராக நின்றது. ரெட்டும் ஃபாலோவும் தட்டில் வைத்துக் கொடுத்தாற்போல.

“ரெட்டு மாமே, ரெட்டு!” என்று பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான்.

வேண்டாம்யா, குழந்தை தலையில் கை வைத்தாயே என்று எனக்குள்ளேயே கத்தினேன். அவர் குனிந்தார். கருப்பு விழுந்தது. மாடி அதிர்ந்தது. விசில், கைதட்டல். எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லாவை அப்படியே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. ஜெயித்துத் தொலைக்கப் போகிறான், வேலை போய்விட்டது, நாளைக்கும் டொக் டொக்தான் என்று நினைத்தேன்.

மேலாளர் தன் குச்சியை மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனால் முகம் கறுத்துவிட்டது.

“ஒய்?” என்றார். “யூ கிவ் மீ? ஒய்? ஐ நாட் சைல்ட்.”

விசில் நின்றுவிட்டது. டிரைவர் முன்னால் வந்தார். “சாரு இன்னா சொல்றாருன்னா, நீ வேணும்னே தோத்துட்டியாம். என்ன கொயந்தப் புள்ளன்னு நெனச்சியான்னு கேக்குறாரு.”

“தோத்துட்டேனா?” என் வீட்டுக்காரர் திகைத்துப்போய் நின்றார். “ரெட்டு எடுத்துக்கீறேன். இன்னும் ஃபாலோவே ஆடல. யாரு தோத்தது?”

நான் அண்ணனைப் பார்த்தேன். “மாப்ள...” என்று இழுத்தான். “ஒலகத்துல எங்க போனாலும் கருப்பு கடசிதான். முன்னாடி போட்டா அதோட ஆட்டம் அவுட்டு. போட்டவன் தோத்தான். ஃபாலோ கீலோன்னு நம்ம கடைல மட்டுந்தான்.”

பிறகு பசங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணன் மேல் பாய்ந்தார்கள். இத்தனை நாள் எங்களை இன்னா ஆட வச்சே என்று ஒருவன், அப்போ நான் ஜெயிச்ச ஆட்டமெல்லாம் என்று இன்னொருவன். அண்ணன் அவர்களைத் தள்ளிவிட்டு மேலாளரிடம் தன் வளைகுடா ஆங்கிலத்தில் “சார், திஸ் பீப்பிள் கேரம், கேரம் ரூல்” என்று எதையோ சொல்லிப் பார்த்தான். அவர் காதில் விழவில்லை. கைக்குட்டையால் விரலில் ஒட்டியிருந்த, குச்சி நுனியில் தேய்க்கிற நீலச் சாக்பீஸ் தூளைத் துடைத்தார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

நான் கேட்டது நடந்துவிட்டது. வீட்டுக்காரர் தோற்றுவிட்டார். அதனாலேயே வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால், இந்த ஆள் ஜெயிக்கத்தான் பார்த்தார், எனக்குச் செய்த சத்தியத்தை மீறித்தான் அடித்தார் என்று நானே நிரூபிக்கவேண்டும். யோசிக்க எங்கே நேரம்? கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு படிக்குக் குறுக்கே போய் நின்றேன்.

“சார், ஒரு நிமிசம் நில்லு சார்!”

மேலாளர் நின்றார். போர்டை அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். டப்பாவிலிருந்து காய்களை எடுத்தேன், அவசரத்தில் நாலைந்து கீழே உருண்டன. ரெட்டை மூலையில் வைத்து அவருக்குக் காட்டினேன், பிறகு அந்தக் கருப்புப் பந்தைக் காட்டினேன். ஸ்ட்ரைக்கரை வைத்து ரெட்டைச் சுண்டிப் போட்டேன். விரலைத் தூக்கி, பாரு, இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு வெள்ளைக் காயைச் சுண்டினேன். நல்லவேளை, விழுந்தது.

“ரெட்டு. ஃபாலோ. இதான் எங்க ஊரு சட்டம். சின்னப் புள்ளலேருந்து இதான். தோக்கணும்னு அடிக்கல சார் இந்தாளு. ஜெயிக்கணும்னுதான் அடிச்சாரு. யோவ் டிரைவரு, சொல்லுயா அவராண்ட!”

தோற்கச் சொன்னது நான்தான் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். டிரைவர் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் சேர்த்துச் சொன்னார். மேலாளர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து ஸ்ட்ரைக்கரை எடுத்து, நான் செய்த மாதிரியே விரலை வைத்துச் சுண்டினார். நகம் மடங்கி ‘ஸ்ஸ்’ என்று கையை உதறினார். ஒரு பையன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். மேலாளர் மேசையில் இருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னார்.

“அவரு ஊருல ஓட்டையே இல்லாம ஆடுவாங்களாம். மொதல்ல இங்க வந்து பாத்தப்போ இது இன்னா ஆட்டம்னு அவருக்குத் தோணுச்சாம்” என்றார் டிரைவர்.

மேலாளர் என் வீட்டுக்காரரைக் கையால் மேசைப் பக்கம் அழைத்தார். “ஓகே. யுவர் ரூல்” என்றார். “பாலோ.”

நேரான பந்து. நடுப் பாக்கெட். புளியங்கொட்டையைச் சுவரில் ஒரே இடத்தில் அடிக்கிற கைக்கு அது ஒரு விஷயமே அல்ல. என் வீட்டுக்காரர் குனிந்தார். நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? விழணும், விழணும் என்றுதான். காலையில் சத்தியம் வாங்கிய அதே நான். குனிந்தவர் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் குனிந்தபடியே இருந்தார். அடித்தார்.

பட்டைப் பந்து பாக்கெட்டின் ஓரத்தில் பட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, வாயிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் ஒரே குரலில் ஐயோ என்றார்கள். நானும்தான்.

சட்டப்படி கருப்பு நடுவுக்கு வந்தது. மேலாளர் மேசையை ஒரு சுற்று சுற்றினார். அவருக்கும் இரண்டு பந்துதான் பாக்கி. ஒன்றைப் போட்டார். மிச்சமிருந்த ஒன்றை விட்டுவிட்டு ரெட்டுக்குக் குறிவைத்தார். அதற்கு நேர்வழியே இல்லை, நடுவில் பந்து மறைத்தது. வெள்ளைப் பந்தை எதிர் விளிம்பில் அடித்தார். அது ஒரு பக்கம் மோதி, இன்னொரு பக்கம் மோதி, மூன்றாவது பக்கமும் மோதித் திரும்பிவந்து கருப்பைத் தொட்டது. பாக்கெட்டே இல்லாத ஊரில் கற்ற கணக்கு. கருப்பு உருண்டு போய் விழுந்தது. “பாலோ!” என்று அவரே கத்திக்கொண்டு கடைசிப் பந்தையும் போட்டார்.

பசங்கள் விசிலடித்தார்கள். எதிராளி என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அவன் ஊரிலிருந்து யார் வந்தாலும் இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அண்ணன் அப்போதே தீர்ப்பை மாற்றி எழுதிவிட்டான். மேலாளர் என் வீட்டுக்காரரிடம் வந்தார். இடக்கையால் தன் வலக்கை முழங்கையைத் தாங்கிக்கொண்டு மரியாதையாகக் கை குலுக்கினார். “மண்டே” என்றார். அவ்வளவுதான். டிரைவர் படியிறங்கும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

இப்போதும் அண்ணன் டிவியில் எங்காவது பூல் ஆட்டம் பார்த்துவிட்டால் ஆரம்பித்துவிடுவான். பிலிப்பைன்ஸ்காரன் வந்துட்டான், தைவான்காரன் வந்துட்டான், நம்ம பக்கத்துலேருந்து மட்டும் ஏன் ஒருத்தனும் வரல என்று என்னைக் கேட்பான். எனக்கு ஒரு காரணம் தெரியும். ஆனால் அதை நான் அவனிடம் சொன்னதில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை முன்னால் பாரில். வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷத்தில் மிதந்திருக்கவேண்டும். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. வேலப்பன்சாவடி வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

“அதெப்புடியா அத்த வுட்டே? நேரா கீற பந்து! கண்ண கட்டிவுட்டாக்கூட போடுவியே. அந்த ஃபாலோவ நம்ம பொண்ணு கூட போட்டிருக்கும். அத்தன பேரு முன்னால மானத்த வாங்கிட்டியே!”

அவர் மிதித்துக்கொண்டிருந்தார். நூம்பல் பக்கம் திரும்புகிற இடத்தில் லாரிக்கு வழிவிட்டுக் காலை ஊன்றி நின்றார். அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

“கருப்ப பாத்ததும் எல்லாம் மறந்துபூச்சுமே” என்றார். “ஃபாலோக்குக் குனியறப்போதான் நெனப்பு வந்துச்சு. கொயந்த தலைல கைய வச்சிட்டு வந்தேனேன்னு.”

லாரி போய்விட்டது. அவர் மிதிக்க ஆரம்பித்தார். வீடு வருகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை.